ஐந்தாவது ஆளுக்கான கட்டணம்

முன் இருக்கையில் வைத்த ரைஸ் குக்கருக்கு பெல்ட் போட்டுவிட்டு, குருசுமுத்து அதை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

வழக்கமாக அது அவருடைய மனைவி விக்ரோரியா உட்காரும் இருக்கை.

சனிக்கிழமை காலை எட்டு மணி. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் மழை தூறிக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்கு இரண்டரை மணி நேர ஓட்டம், பிறகு கப்பல், பிறகு நோர்வேயில் ஒரு கிழமை மரவீடும் பனிச்சறுக்கும். கணவரும் மூன்று பிள்ளைகளும் போகிறார்கள். விக்ரோரியா வாசலில் நின்று வழியனுப்புகிறாள்.

எல்லாம் செலவை நினைத்துத்தான்.

குருசுமுத்து செலவுக்குப் பயந்தவர் இல்லை. செலவுக்கு எதிரி.

பனிச்சறுக்குக் காற்சட்டைகள் பழைய பொருள் கடையில் வாங்கியவை. தலைக்கவசங்கள் பக்கத்து வீட்டு இரவல். மலையில் ஒரு கோப்பை சூப்புக்குக் கேட்கிற விலைக்கு ஊரில் இரண்டு கோழி வாங்கலாம் என்பதால், பின்பெட்டி முழுக்கப் பாணும் சம்பலும் உறையவைத்த கறியும். மரவீட்டை விட்டு வரும்போது கூட்டித் துடைக்க அவர்கள் தனியாகக் காசு கேட்பார்களாம். அதனால் வீட்டுத் தும்புத்தடியும் காரில் ஏறியிருந்தது.

வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அந்தக் கிழமைக்கு விக்ரோரியாவும் லீவு எடுத்திருந்தாள். போயிருந்தால் சமையலும் தும்புத்தடியும் அவளுக்குத்தான் வந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே பனி இருந்திருக்கும், அவ்வளவுதான்.

டேனிஷில் தொலைபேசி பேசுவதென்றால் அந்த வீட்டில் விக்ரோரியாதான். நவம்பரில் பயண நிறுவனத்தோடு அவள்தான் பேசினாள். நாலு பேருக்கு ஒரு பொது விலை, ஐந்தாவது ஆளுக்கு மேலதிகமாக மூவாயிரத்து நூறு குரோனர் என்று விசாரித்து வந்து சொன்னாள்.

"மூவாயிரத்தி நூறோ!" என்றார் குருசுமுத்து.

பிறகு அவளே, தனக்குக் குளிர் ஒத்துவராது என்றாள். டென்மார்க்குக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது.

காருக்குள் கடைக்குட்டி எமிலியா அழத் தொடங்கினாள். ஏழு வயது. அம்மா வராவிட்டால் தனக்குப் பனியே வேண்டாம் என்று டேனிஷில் அழுதாள். அக்கா நிலுஷா காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள். மூத்தவன் சுஜிந்தன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

குருசுமுத்து எஞ்சினை நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கினார். மழையில் நனைந்தபடி வாசலுக்கு வந்து நின்றார்.

"நீயும் வா," என்றார். "மூவாயிரத்தி நூறுதானே. நான் கட்டுறன்."



கலியாணமாகி இத்தனை வருடத்தில், 'தானே' என்ற சொல்லை அந்த மனிதர் ஒரு தொகைக்குப் பின்னால் சொல்லி அவள் கேட்டதில்லை. போன வருடம் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள். இப்போதும் அழுகை வரத்தான் பார்த்தது. ஆனால் இந்த ஒரு கிழமைக்காக அவள் மூன்று மாதம் காத்திருந்தாள்.

அவர் முகத்தைப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்று தெரிந்தது. காரைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தக் காசுக்கு நாலு டயரும் மாத்திப்போடலாம்."

அவர் திரும்பி டயரைப் பார்த்தார். குனிந்து இன்னொருமுறை பார்த்தார். உள்ளுக்குள் கூட்டல் கழித்தல் ஓடுவது நெற்றியில் தெரிந்தது. நிமிர்ந்தபோது கண் ஈரமாக இருந்தது. மழையாகவும் இருக்கலாம்.

அவள் தலையில் ஒருதரம் கையை வைத்துவிட்டு, போய்க் காரில் ஏறினார்.

பாவம், நல்ல மனுசன். விக்ரோரியாவுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. கார் தெருமுனை திரும்பும்வரை கையை ஆட்டினாள். திரும்பிய பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு கதவைச் சாத்தினாள்.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஒருவரும் தங்கள் காலுறை எங்கே என்று கேட்கவில்லை. சோபாவின் நட்டநடுவில் உட்கார்ந்து, மேசைமேல் காலை நீட்டிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. வாய்விட்டுச் சிரித்தாள்.

உறைபெட்டியின் அடித்தட்டிலிருந்து கருவாட்டை எடுத்தாள். மணக்கிறது என்று பிள்ளைகள் தடைசெய்து நாலு வருடம். ஜன்னலைக்கூடத் திறக்காமல் பொரிக்கத் தொடங்கினாள்.

அப்போது போன் அடித்தது.

பயண நிறுவனத்திலிருந்து ஜோனாஸ். குரலில் அக்கறை வழிந்தது. இவர்களுடைய பதிவில் ஓர் இடம் வெறுமையாக இருப்பதை இப்போதுதான் கவனித்தானாம். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கட்டணமே கிடையாது, அதனால் கட்டிய நாலு பேர் காசில் அம்மாவின் இடமும் அடக்கம் என்றான். இரவுக் கப்பலைப் பிடித்தால்கூடப் போய்ச் சேர்ந்துவிடலாம், ஒரு குரோனர்கூடக் கூடுதலாகத் தரத் தேவையில்லை என்றான்.

விக்ரோரியா கருவாட்டை மறுபக்கம் புரட்டிப் போட்டாள்.

"தெரியும்," என்றாள். "நவம்பர்லயும் நீங்கள்தானே சொன்னீங்கள்."