மேட்டில் திணறாத கார்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

தன் மகனின் டர்போ காரில் இஞ்சினை இயக்கும் கம்பெனி கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, தனிக் கம்ப்யூட்டர் ஒன்றை மாட்டினார் மெக்கானிக். பக்கத்தில் உட்கார்ந்த மனைவியின் மடியில் லேப்டாப்.

"மேட்டுல திணறக்கூடாதுன்னு கேட்டான். நம்பரப் பாத்துச் சொல்லும்மா."

"டர்போ காத்து ஏறுதுங்க. பெட்ரோல் பத்தல."

"கூட்டு, கூட்டு. இல்லன்னா இஞ்சின் வெந்துடும்."

கூட்டினாள். கார் மேட்டில் பாய்ந்த வேகத்தில் அவர்களுடைய நிழல் பின்தங்கி, மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. இருவரும் சிரிக்கவில்லை.

"திணறலயே?"

"துளிகூட இல்ல. பய பாத்தா குதிப்பான்."

"இந்தத் தடவையாவது மெதுவாப் போகச் சொல்லுங்க."

"சொல்றேன்."

மகனோடு நொறுங்கிய அந்தக் கார் போன வருடமே பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஷெட்டில் இருப்பவை, இருவரும் உட்கார்ந்திருக்கும் அதன் முன்சீட்டுகள் இரண்டு மட்டுமே.