துவைக்கக் கூடாத பெல்ட்

சகலையின் கையிலிருந்த காபி ஆறிவிட்டது. மூத்த மாப்பிள்ளையின் பேச்சுதான் ஆறுவதாக இல்லை.

"வெள்ளை பெல்ட்னா ஒண்ணும் தெரியாதவன். மஞ்சள்னா, எல்லாம் தெரியும்னு நினைச்சுக்கிற அரைகுறை. பச்சை, நீலம், பழுப்பு தாண்டினாத்தான் என்னை மாதிரி கறுப்பு. நீங்க இப்ப என்ன கலர் சகலை?"

"மஞ்சள் அண்ணே."

"மஞ்சளா!" அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அதை வெளியில சொல்லிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நான் கராத்தே கிளாஸ் ஆரம்பிக்கிறேன், வந்து சேருங்க. என்னுது பதினஞ்சு வருஷ வியர்வை ஊறின பெல்ட். துவைக்கவே கூடாது. துவைச்சா வித்தை போயிடும்."

"அதை ஒரு தடவை கண்ணால பார்க்கணும் அண்ணே."

அதற்குத்தானே காத்திருந்தார். "ஏய், பீரோவுல இருக்கிற என் பெல்ட்டை எடுத்துட்டு வா!"

"பீரோவுல இல்லீங்க," மனைவியின் குரல் வந்தது. "ஒரே நாத்தம். காலையிலதான் துவைச்சுப் போட்டேன்."

"துவைச்சியா? யாரைக் கேட்டுடி துவைச்சே?"

அவர் எழுந்து ஓடுவதற்குள், அவள் கொடியிலிருந்து உருவி வந்து சகலையின் மடியில் போட்டாள். சகலை அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணி, இது மஞ்சளா இருக்கே?"

"ஆமா. வித்தையெல்லாம் வாளித் தண்ணியில போயிடுச்சு," என்றவள் கணவன் பக்கம் திரும்பினாள். "இனிமேலாவது அந்த டையைத் தலைக்கு மட்டும் அடிங்க."