அணையாத மவுஸ்

"கம்ப்யூட்டரை நிறுத்தியாச்சு. மவுஸ்ல மட்டும் ஏன் லைட் எரியுது?"

"ஷட்டவுன் பண்ணாலும், சுவர்ல ஸ்விட்ச் போட்டிருக்கிற வரைக்கும் யூஎஸ்பிக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கிட்டேதான் இருக்கும். அதனால என்ன?" என்றாள் மனைவி.

"தண்டமா போகுதே!"

அன்றிலிருந்து படுக்கப் போகும் முன் சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடுவான். மவுஸ் கப்சிப்.

அப்பாதான் அடங்கவில்லை. ஒரே குரலுக்கு எழுந்து வருகிறவர், ஒரு வாரமாக எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய மேனேஜர் வீட்டுக்கு வந்திருந்தார்.

"அப்பா, இங்க வாங்க! யார் வந்திருக்காங்க பாருங்க!"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பாத்தீங்களா சார்? எல்லாம் வீம்பு. சோறு போடுறவனுக்கு இந்த வீட்ல இவ்வளவுதான் மரியாதை." அப்பா காதில் விழட்டும் என்றேதான் சொன்னான்.

மேனேஜர் நெளிந்தார். அப்பா தற்செயலாக நிமிர்ந்து, அவரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

விருந்தாளி போனதும் அப்பா தயங்கித் தயங்கி வந்தார். உள்ளங்கையில் ஒரு சின்ன டப்பா.

"காது மெஷின்டா. உங்க அக்கா வாங்கிக் கொடுத்தா. நீ கிண்டல் பண்ணுவியோன்னு சொல்லல. ராத்திரி கம்ப்யூட்டருக்குப் பின்னாடி சொருகி வெச்சிட்டுப் படுப்பேன், காலையில ஃபுல்லா ஏறியிருக்கும். ஒரு வாரமா ஏறவே மாட்டேங்குது. என்னன்னு பாரேன்."

அவன் சுவர் ஸ்விட்சைத் திரும்பிப் பார்த்தான்.

"மன்னிச்சிடுங்கப்பா..."

அப்பா காதை அவன் வாயருகே கொண்டு வந்தார்.

"என்னடா சொன்ன? கொஞ்சம் சத்தமா சொல்லு."