உறை

ஃப்ரிட்ஜ் கதவப் பிடிச்சவ அப்படியே நின்னுட்டா.

கண்ணாடி பாட்டில் உள்ளயே இருக்கு.

மூடியில அப்பா சுத்துன சிவப்பு டேப்பு. உரிக்கவே இல்ல.

"உறைக்கு வெச்ச தயிர எவடி வழிச்சுத் தின்னது?" அடுப்படியிலருந்து அம்மா. "கிண்ணத்தோட காணம். வயித்துல பூதத்த வெச்சிருக்கியா?"



நேத்து சாயங்காலம் கொட்டகையிலருந்து அப்பா போன்ல சொன்னது இவ்வளவுதான். "ஃப்ரிட்ஜ்ல உறை இருக்கு கண்ணு. எடுத்தாந்து டிரம்முல ஊத்தி மூடிரு. என்னால நிக்க முடியல."

உறைன்னா அவளுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், தயிர்.

கொட்டகையில அவர் சாக்கு மேல சாஞ்சு தூங்கிட்டிருந்தார். எழுப்ப மனசு வரல.

ஊத்தினா. மூடினா. வந்துட்டா.

கால்ல செருப்பக்கூட மாட்டாம இப்ப கொட்டகைக்கு ஓடுறா.

சவ்வரிசி மில்லுல பாலெடுத்துட்டு ஒதுக்குற மரவள்ளிச் சக்கைக்கு திப்பின்னு பேரு. மாட்டுக்குப் போடுவாங்க. அத வேகவெச்சுப் புளிக்க வெச்சா ஒரு அமிலம் வரும், பிளாஸ்டிக் செய்யலாம்னு அப்பாதான் கிளம்புனார். பாட்டில்ல இருக்கிறது, திப்பியத் தின்னவே அவர் பழக்கின கிருமி. பிள்ளைக்குச் சோறூட்டுற மாதிரி பழக்கினார்.

அதுல வேற எது கலந்தாலும் டிரம்ம சாக்கடையில கவுக்க வேண்டியதுதான்.

கவுத்தா, திரும்ப வேகவெக்கத் திப்பி இல்ல. சீசன் முடிஞ்சு மில்லுக்குப் பூட்டுப் போட்டாச்சு.

நாளைக்குக் கம்பெனிக்காரர் சோதிக்க வர்றார். சரியில்லன்னா அப்பா மறுபடி லாரி ஓட்டவே போயிருவார். லாரியில போனா, அவர் முகமே மறந்துபோற அளவுக்குப் போயிருவார்.

கொட்டகை வாசல்ல மூச்சு முட்டி நின்னா.

அப்பா டிரம்மத் தொறந்து வெச்சிருக்கார். கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு. விரல் இடுக்குல புளிப்புப் பாக்குற ஒரு துண்டுக் காகிதம். டிரம்முல முக்குனது, நிறம் மாறியிருக்கு.

"உறை புடிச்சிருச்சு கண்ணு."

அவர் சிரிச்சுப் பாத்து எவ்வளவோ நாளாச்சு. சிரிக்கிறதுக்கே தெம்பில்லாத மாதிரி டிரம்மப் பிடிச்சுக்கிட்டார்.

புளிச்ச வாடை. தயிரோடதா, திப்பியோடதான்னு அவளுக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல.

அவருக்குத் தெரியலயா? இல்ல, அந்தக் காகிதத்துக்கு மேல எதையும் தெரிஞ்சுக்க அவருக்குத் தெம்பில்லயா?

"அப்பா..."

"நான் ஊத்துனப்பல்லாம் மசமசன்னு கிடக்கும். ஒரே ராத்திரில இப்படிப் புளிச்சதே இல்ல." மூடிய மெதுவா சாத்துனார். சாக்குல உக்காந்தார். கண்ணு தானா மூடுது.

"உன் கைராசி. இனிமே நீயே ஊத்துறியா கண்ணு?"