எனக்கு இல்லம்மா

“எனக்கு இல்லம்மா. என் தம்பி பொண்டாட்டிக்கு” என்றாள் சலவைக்கடைக்காரி, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தபடி.

பெண் மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இந்த நாற்காலியில் வந்து உட்காரும் பெண்கள் யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. வியாதியெல்லாம் அவர்களுடைய தங்கைக்கும் சிநேகிதிக்கும்தான். அந்தப் பொய்யை உடைக்காமல் வைத்தியம் பார்ப்பதும் ஒரு தர்மம் என்பது அவர் எண்ணம். நர்ஸை வெளியே அனுப்பினார்.

“சரி, உன் தம்பி பொண்டாட்டிக்கு என்ன?”

“கீழ எரிச்சல், அரிப்பு. தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளை படும். மருந்து வச்சா நிக்கும், மறுபடி வந்துடும்.” முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். “கண்ட சகவாசத்துல வந்த நோயின்னு வீட்டுல பேச்சு. புருஷன் கிட்ட சேர்க்கல. அவ சத்தியம் பண்ணியும் யாரும் நம்பல. நிஜமாவே அப்படித்தான் வருமாம்மா?”

“யாரு சொன்னா? பார்த்துத்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா நீ சொல்றதைக் கேட்டா பூஞ்சை மாதிரி இருக்கு. அது கல்யாணமே ஆகாத பொண்ணுக்கும் வரும். வீட்டுல நிம்மதி உண்டா, அவளுக்கு?”

“சோத்துல கை வச்சாலும் பேச்சுதான். தூக்கமே கிடையாது.”

“அப்புறம் எப்படிக் குணமாகும்? மனசு ஓயாம நொந்துக்கிட்டே இருந்தா உடம்புல எதிர்ப்புச் சக்தி குறையும். அங்க காவலுக்கு இருக்கிற நல்ல கிருமி குறைஞ்சா பூஞ்சை தலையெடுக்கும். நோயைக் காட்டித் திட்டுறாங்க. திட்டத் திட்ட நோய் திரும்ப வருது.”

சலவைக்கடைக்காரியின் முகம் வெளிறியது. “அப்போ அவ சொன்னதெல்லாம்...”

மருத்துவர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். “அவ மேல ஒரு தப்பும் இல்ல. வீட்டுல யாராவது ஒருத்தர் ஆறுதலா நாலு வார்த்தை பேசினா, மருந்தும் கேட்கும். சரி, தம்பி பொண்டாட்டி கதை போதும். கட்டில்ல ஏறிப் படு, பார்த்துடலாம்.”

அவள் எழுந்திருக்கவில்லை.

“கதை இல்லம்மா. போன மாசம் அவ தானே உசுரை மாய்ச்சுக்கிட்டா. வாய்க்கு வந்தபடி அவளைப் பேசினவ நான். நான் பேசினது சரிதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான் வந்தேன்.”