மூன்றாவது வரிசைப் படம்

"அந்த மூணாவது வரிசைப் படத்தைக் கழட்டணும், தங்கச்சி."

கேட்டவர் நரைத்த தாடிக்காரர். காணாமல்போனவர்களின் குடும்பங்கள் தாங்களே கூடி ஆவணங்களைச் சேர்க்கும் கூட்டம் அது. சுவரில் மாட்டிய காணாமல்போனவர்களின் படங்களுக்குக் காவலாக நின்றவள் வீட்டிலேயே முதல் பட்டதாரி. வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"எந்த கவர்மென்ட் ஆபீஸ்ல இருந்து வர்றீங்க? போன கூட்டத்துல ரெண்டு படத்தைக் கிழிச்சது பத்தலையா?" என்று எரிந்து விழுந்தாள்.

"ஆபீஸ் எல்லாம் இல்லம்மா. அந்தப் பையனோட அம்மாதான் எடுத்துடச் சொன்னாங்க."

"மகனைத் தேடி இத்தனை வருஷமா இந்தப் படத்தோட அலையறவங்க, எடுக்கச் சொன்னாங்களாக்கும்? யார் காதுல பூ சுத்துறீங்க? அவங்களையே வரச் சொல்லுங்க."

"படியேற முடியல, கீழதான் உட்கார்ந்திருக்காங்க."

சொல்லிவிட்டு அவர் படத்தின் அருகில் போய் நின்று, தாடியைக் கையால் மறைத்துக்கொண்டார்.

படத்திலிருந்த இளைஞனின் அதே கண்கள். அதே வெட்டுப்பட்ட புருவம்.

"ஜெயில்ல என்கூட இருந்தவன் வெளிய வந்து, இந்தப் படத்தைப் பாத்துதான் நான் உயிரோட இருக்கேன்னு உங்க ஆளுங்ககிட்ட சொல்லியிருக்கான். அவங்க போட்ட சத்தத்துலதான் என்னை விட்டாங்க. இதை நீங்க மாட்டலன்னா நான் இல்லம்மா."

அவள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆனாலும் தலையை ஆட்டி மறுத்தாள்.

"கழட்ட மாட்டேண்ணா. இங்க மாட்டினதைக் கழட்டுற வழக்கமே இல்ல, சேர்க்கிறது மட்டும்தான்."

கைபேசியை எடுத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தாள்.

"வாங்க, கீழ போவோம். பக்கத்துல மாட்ட இன்னொரு படம் வேணும். நீங்க அம்மாவோட இருக்கிற மாதிரி."