நடுப்பாட்டில் ஒரு நன்றி

டெலனி சுவரில் நீலப் போர்வையை மாட்டி, சீரியல் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தாள். நாடகக் கல்லூரிக்கு அனுப்பும் பாட்டு வீடியோவை வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். மதியம் பன்னிரண்டோடு கெடு முடிகிறது.

முதல் தடவை, கடைசி வரிக்குச் சற்று முன்னால், போன் இருந்த பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் மரியாதையாக "நன்றி" என்றது. டெலனியின் வாய் தானாக மூடிக்கொண்டது. நாடகத்துக்கு ஆள் எடுக்கும் தேர்வில் நடுவர்கள் நன்றி சொல்லிவிட்டால் பாட்டை அங்கேயே நிறுத்திவிட்டு வெளியே போய்விட வேண்டும். பத்து வயதிலிருந்து பழகியது.

"மா, நீயா பேசின?"

"நான் எதுக்குடி பேசறேன்? கீழ பாத்திரம் கழுவிட்டிருக்கேன்."

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

இரண்டாம் தடவை பாதிப் பாட்டில் நன்றி வந்தது. ஏழாம் தடவை முதல் வரியிலேயே வந்துவிட்டது. அம்மா கோரின் கையைத் துடைத்துக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"யார் சொன்னா என்ன? நீ நிறுத்தாம பாடேன்."

"நானா நிறுத்தறேன்? வாய் திறக்க மாட்டேங்குதும்மா."

"மணி பதினொன்னு அம்பது. பாடு. நான் வாசல்லயே நிக்கறேன், எவ வரான்னு பாத்துடறேன்."

டெலனி போனில் பதிவை அழுத்திவிட்டு, தரையில் டேப் ஒட்டிய இடத்தில் போய் நின்றாள். பாடுவதற்கு முன் தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள்.

"நன்றி, டெலனி" என்றது குரல். "அடுத்தவங்க வரலாம்."

அறை வாசலை அடைத்து நின்ற கோரின், "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி ஒதுங்கி, யாருக்கோ வழிவிட்டாள்.